கடைசிக் குழந்தையின் கேள்வி





சென்ற மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். பெரிய வியாழனன்று இயேசு சீடர்களோடு சாப்பிட்டது பஸ்கா விருந்து என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறாராம். புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை என்று வேதாகமத்தில் படிக்கிறாராம். "அந்தப் பண்டிகை இன்றைக்கும் யார் வீட்டிலாவது நடக்கிறதா? நடந்தால் எப்படி நடக்கும்? கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்.

நடக்கிறது அம்மா. விமரிசையாகவே நடக்கிறது. ஆனால் அது தொடங்குகிற இடம் விருந்து மேஜை இல்லை. விளக்கை அணைத்துவிட்டுக் குப்பை தேடுவதில் தொடங்குகிறது.

யூத நாட்காட்டியில் நிசான் மாதம் பதினான்காம் நாள் பிறக்கிற இரவு. (யூதர்களுக்குச் சூரியன் மறைந்தால் அடுத்த நாள் பிறந்துவிடும்.) ஜெருசலேமிலோ நியூயார்க்கிலோ ஒரு சாதாரண அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா லைட்டையும் அணைக்கிறார்கள். அப்பா கையில் ஒரு மெழுகுவத்தி. ஒரு பிள்ளை கையில் பறவை இறகு, இன்னொரு பிள்ளை கையில் மரக்கரண்டி. சோபாவுக்கு அடியில், புத்தக அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில் என்று ஒவ்வோர் இடமாக வெளிச்சத்தைக் காட்டுகிறார் அப்பா. "இதோ!" என்று ஒரு குரல். காகிதத்தில் சுற்றிய சின்ன ரொட்டித் துண்டு. அதை இறகால் தள்ளிக் கரண்டியில் எடுத்துப் பையில் போடுகிறார்கள். இப்படிப் பத்துத் துண்டுகள். மறுநாள் காலையில் அந்தப் பையை அப்படியே தீயில் போட்டு எரித்துவிடுவார்கள்.

அந்த வீடு ஏற்கெனவே இரண்டு மூன்று வாரமாகக் கழுவித் துடைத்த வீடு. பிறகு ரொட்டி எங்கிருந்து வந்தது? அம்மாதான் ஒளித்து வைத்தார். தேடுகிற பிள்ளை வெறுங்கையோடு திரும்பக் கூடாது அல்லவா?

இந்த ஒரு காட்சிதான் என்னை இந்தப் பக்கத்தை முழுக்க இதற்கே ஒதுக்க வைத்தது. ஏனென்றால், கி.பி. 70இல் ரோமானியப் படை ஜெருசலேம் கோயிலை இடிக்கும்வரை பஸ்கா என்பது கோயில் பண்டிகை. ஊர் ஊராக யாத்திரை கிளம்பி வந்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டுக் கொண்டாடினார்கள். கோயில் போயிற்று. பலிபீடம் போயிற்று. நாடும் கைவிட்டுப் போயிற்று. பண்டிகை மட்டும் எங்கே போய்ப் பிழைத்தது? அடுப்படியிலும் சாப்பாட்டு மேஜையிலும். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடங்களாக அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் அரசர்களோ பூசாரிகளோ அல்லர், வீட்டு மனிதர்கள்.

இதெல்லாம் எங்கோ தூரதேசத்துச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, அந்தப் பெயரில் பழைய யூதப் பவள வியாபாரிகளின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். பூரிம் பண்டிகைக்கு அவர்கள் வைத்த மராத்திப் பெயர் 'ஹோளிச்சா சண்', அதாவது ஹோலி சமயத்தில் வருகிற பண்டிகை.

அந்தப் பூரிமிலிருந்தே தொடங்குகிறேன். யூதர்களின் வசந்தகாலம் அங்கேதான் கண் விழிக்கிறது.

பஸ்காவுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், ஆதார் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வருவது பூரிம். எஸ்தர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட பாரசீக ராஜா அகாஸ்வேரு. யூதர்களைப் பூண்டோடு அழிக்க அவனிடம் ஆணை வாங்குகிறான் அவனுடைய மந்திரி ஆமான். எந்த நாளில் அழிப்பது என்று சீட்டுப் போட்டுப் பார்க்கிறான். அந்தச் சீட்டுக்குப் பெயர் 'பூர்', அதிலிருந்து வந்ததுதான் பூரிம். ராணியாக இருப்பவளோ தாய் தகப்பன் இல்லாமல், பெரியவர் மொர்தெகாயின் வளர்ப்பில் ஆளான எஸ்தர். அவள் யூதப் பெண் என்பதே ராஜாவுக்குத் தெரியாது. அழைக்காமல் ராஜா முன்னால் போனால் மரண தண்டனை. போய்த் தன் மக்களைக் காப்பாற்றுவதற்கு முன்னால் மூன்று நாள் இரவும் பகலும் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் விரதம் இருக்கிறாள், அவர்களையும் இருக்கச் சொல்கிறாள்.

அதன் நினைவாகத்தான் பூரிமுக்கு முந்தின நாள் எஸ்தர் விரதம். விடியற்காலை முதல் இருட்டும்வரை பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. அந்த நாள் சனிக்கிழமையில் வந்துவிட்டால் வியாழனுக்கே விரதத்தை நகர்த்திவிடுகிறார்கள், ஓய்வுநாளைப் பசியோடு கழிக்கக் கூடாது என்பதற்காக.

இருட்டியதும் ஜெப ஆலயத்தில் எஸ்தர் சுருளைப் படிக்கிறார்கள். ஆமான் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றி, காலைத் தரையில் உதைத்து, அந்தப் பெயரே காதில் விழாதபடி இரைச்சல் போடுவார்கள். கோயிலுக்குள் சத்தம் போடு என்று பெரியவர்களே சொல்கிற ஒரு நாள்! வேஷம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கசகசா பூரணம் வைத்த முக்கோணப் பலகாரம் சாப்பிடுகிறார்கள். ஜெருசலேமில் மட்டும் ஒரு நாள் தள்ளி, ஆதார் மாதம் பதினைந்தாம் தேதி கொண்டாடுகிறார்கள். பழங்காலத்திலேயே மதில் சூழ்ந்த நகரம் என்பதால்.

எனக்குப் பூரிமில் மிகவும் பிடித்தது வேறு இரண்டு கடமைகள். ஒரு நண்பருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். இரண்டு ஏழைகளுக்காவது கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கை நீட்டுகிறவரிடம் "நிஜமாகவே கஷ்டமா?" என்று விசாரிக்கக் கூடாது, கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்ற பேரறிஞர் இதற்கு வரிசையே போட்டுக் கொடுத்திருக்கிறார். உன் விருந்துக்கும் நண்பர்களின் தட்டுக்கும் செலவழிப்பதைவிட ஏழைக்கு அதிகம் செலவழி என்கிறார்.

கொடுப்பதற்கே ஒன்றும் இல்லாதவர் என்ன செய்வார்? தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட நூலில் இரண்டு நண்பர்களைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. இருவரிடமும் அவரவர் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. இவர் சாப்பாட்டை அவருக்கும், அவர் சாப்பாட்டை இவருக்குமாக மாற்றிக்கொண்டார்கள். கடமையும் முடிந்தது, இருவருக்கும் வயிறும் நிறைந்தது. இதைப் படித்த அன்று வெகுநேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பவே தோன்றவில்லை எனக்கு.

பூரிம் முடிந்த மறுநாளே வீடு தலைகீழாகும். பஸ்காவுக்கு, அவர்கள் மொழியில் பெசாக்குக்கு, ஏறக்குறைய ஒரு மாதம்தான் இருக்கிறது.

எகிப்தில் அடிமைகளாக இருந்த மூதாதையர் ஒரே இரவில் கிளம்ப வேண்டியிருந்தது. பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லை, அப்படியே தட்டிச் சுட்டு எடுத்துப் போனார்கள். அதனால் அந்த ஏழு நாட்களும் (இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள்) கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. சாப்பிடக் கூடாது என்பது மட்டும் இல்லை, இருக்கவே கூடாது. ரொட்டி, பிஸ்கட், கேக், பாஸ்தா, பீர் எல்லாம் போக வேண்டும். பிள்ளையின் ஸ்கூல் பையில் உதிர்ந்த துகள் வரை, கார் சீட்டின் இடுக்கு வரை தட்டி எடுக்கிறார்கள். பாத்திரங்களே வேறு. வருடம் முழுக்கப் புழங்கியதைக் கட்டி மேலே போட்டுவிட்டு, பஸ்காவுக்கென்று வைத்திருக்கும் செட்டை இறக்குகிறார்கள்.

தூக்கி எறிய முடியாத சரக்கை, யூதர் அல்லாத ஒருவருக்கு முறையாகப் பத்திரம் எழுதி விற்றுவிடுகிறார்கள். இஸ்ரேலில் அரசாங்கத்தின் கையிருப்பையே இப்படி ஓர் அரபுக்காரருக்கு விற்று, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது வருடா வருடம் நடக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் அலமாரிகளைப் பெரிய பெரிய பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி விடுவார்கள். புளித்த பண்டங்களை அந்த நாட்களில் விற்பனைக்கென்று கடைத்தெருவில் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று 1986இல் அங்கே சட்டமே வந்தது.

சரி, ரொட்டிக்குப் பதிலாக என்ன? மாட்ஸா. நம் வேதாகமத்தில் 'புளிப்பில்லாத அப்பம்' என்று வருகிறதே, அதுதான். வெறும் மாவும் தண்ணீரும். உப்புகூடத் தேவையில்லை. ஆனால் அதைச் செய்வது லேசான காரியம் இல்லை.

கையால் மாட்ஸா செய்யும் கூடத்தில் கடிகாரம்தான் எஜமான். முந்தின மாலை எடுத்து ஓர் இரவு ஆற வைத்த தண்ணீரை மாவில் ஊற்றிய நொடியிலிருந்து கணக்கு: 18 நிமிடம். மாவைச் சும்மா விட்டால் அதற்குள் புளிக்கத் தொடங்கிவிடும் என்பது அவர்கள் விதி. ஒருவர் ஊற்ற, ஒருவர் பிசைய, நீள மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கோர் உருண்டையை வாங்கி அப்பளக் கனத்துக்குத் தேய்க்கிறார்கள். முள் உருளையால் ஓட்டை போட்டு, நீளக் கம்பில் தொங்கவிட்டுக் கொண்டுபோய், அனல் பறக்கும் அடுப்பில் விரித்துப் போடுகிறார் ஒருவர். கண் மூடித் திறப்பதற்குள் கொப்புளம் கொப்புளமாகக் கருகி வெளியே வந்துவிடும். 18 நிமிடம் ஆனதா? மேஜை விரிப்பை உருவி எறிகிறார்கள், குழவியை மாற்றுகிறார்கள், நகக்கண் வரை கை கழுவுகிறார்கள். மறுபடியும் முதலிலிருந்து.

அரிசி? இதை நம்மவர்கள் கட்டாயம் கேட்பீர்கள். அங்கே ஒரு நீண்ட வழக்கே இருக்கிறது. அரிசி அந்த ஐந்து தானியங்களில் ஒன்று இல்லை. ஆனாலும் ஐரோப்பிய யூதர்கள், ஒரு கோதுமை மணி கலந்துவிட்டால் என்ன செய்வது என்பன போன்ற காரணங்களால், அரிசியையும் பருப்பு வகைகளையும் பல நூற்றாண்டுகளாக ஒதுக்கி வைத்தார்கள். (அமெரிக்காவில் அவர்களில் ஒரு பெரிய பிரிவு 2015இல்தான் "சாப்பிடலாம்" என்று தீர்மானித்தது.) கொச்சி யூதர்கள் அரிசிச் சோறு உண்டு வளர்ந்தவர்கள். விட முடியுமா? விடவில்லை. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை உழைப்பு.

டிசம்பரில் ஹனுக்கா பண்டிகை முடிந்த கையோடு கொச்சிப் பெண்கள் பஸ்கா வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அரிசியை முறத்தில் பரப்பி ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். மசாலாச் சாமான்களை முழுதாக வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே இடிக்க வேண்டும். பொறுக்கியதையும் இடித்ததையும் வேறெதுவும் தொடாத தனி அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். பூரிமுக்குப் பிறகு சுவருக்கு வெள்ளை அடித்து, கிணற்றையே இறைத்துச் சுத்தம் செய்வார்கள். அவர்களிடம் ஒரு பயமும் இருந்தது. இந்த நூறு நாள் வேலையில் ஒரு சின்னப் பிசகு நேர்ந்தாலும் கணவன், பிள்ளைகள் உயிருக்கு ஆபத்து என்று நம்பினார்கள்.

எத்தனை பாரம், பாருங்கள்! விடுதலைப் பண்டிகைக்காக ஒரு பெண் நூறு நாள் முறத்தைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கைகளை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பயத்தைப் பெண் தலையில் மட்டும் வைத்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. யூதப் பெண்களே இதைச் சொல்லிவிட்டார்கள். இன்று பல வீடுகளில் ஆண்கள் ஓவனைத் தேய்க்கிறார்கள். மோசேயின் அக்கா மிரியாமுக்கென்று மேஜையில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு நான் போயிருக்கிறேன். நீல வெள்ளைச் சீன ஓடு பதித்த அந்த ஜெப ஆலயத்துத் தரையில் வெறுங்காலோடு நின்றபோது, வெளியே சுக்கு, ஏலக்காய் வாசனை. அந்தத் தெருவில் இன்று கிட்டத்தட்ட யூதர்களே இல்லை. கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம், ஜெருசலேம் பக்கத்தில் மெசிலாத் சியோன் என்று கிராமங்களில் குடியேறினார்கள். மலையாளத்தில் பெண்கள் பாடிய பாட்டு நோட்டுகளையும் மறக்காமல் கொண்டுபோனார்கள்.

காபி பிரியர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் குடியேறிய யூதர்கள் பலர் காபிக்கொட்டையும் ஒரு பயறு வகைதான் என்று நினைத்துப் பஸ்காவில் காபியை விட்டுவிட்டார்கள். அது பயறு இல்லை, பழத்தின் விதை என்று 1920களில் ரப்பிகளிடம் (யூத மதகுருமாரிடம்) சான்று வாங்கியது மாக்ஸ்வெல் ஹவுஸ் கம்பெனி. 1932 முதல் பஸ்கா இரவில் படிக்கும் ஹகாதா புத்தகத்தையும் அச்சடித்துக் காபியோடு இலவசமாகக் கொடுத்தது. இன்றும் எத்தனையோ அமெரிக்க யூதக் குடும்பங்களில் தாத்தாவின் ஒயின் கறை படிந்த அந்தப் புத்தகம்தான் மேஜைக்கு வருகிறது.

பண்டிகைக்கு முந்தின பகல் இன்னொரு விரதம். இது தலைச்சன் ஆண்பிள்ளைகளுக்கு. எகிப்தில் தலைச்சன்கள் எல்லாம் மடிந்த இரவில் தாங்கள் தப்பியதை நினைத்து இருக்கும் விரதம். இதிலிருந்து விடுபட அழகான ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். அன்று காலை ஜெப ஆலயத்தில் யாராவது தல்மூதில் ஒரு பகுதியைப் படித்து முடித்தால், படித்து முடித்ததே விருந்துக்குரிய விசேஷம். உடன் இருந்து கேட்டவர்கள் எல்லோரும் சாப்பிடலாம்! அதனால் அந்த நாளுக்கென்றே கணக்குப் பார்த்துக் கடைசிப் பக்கத்தைப் பாக்கி வைத்திருப்பார்கள்.

இனி அந்த இரவு. பெயர் செடர், 'வரிசை' என்று பொருள்.

வெள்ளை விரிப்பு. மூன்று மாட்ஸா. ஒரு தட்டில் வாட்டிய எலும்பு, சுட்ட முட்டை, கசப்புக்கு முள்ளங்கி போலக் காரமான ஒரு கிழங்கு அல்லது லெட்யூஸ் கீரை, உப்புத் தண்ணீரில் தோய்க்க ஒரு பச்சைத் தழை. உப்புத் தண்ணீர், அடிமைகளின் கண்ணீர். கூடவே பழுப்பு நிறத்தில் ஒரு விழுது. அடிமைகள் மிதித்த செங்கல் சேற்றின் அடையாளம் அது. ஐரோப்பியர்கள் ஆப்பிள், அக்ரூட், பட்டை போட்டு அரைப்பார்கள். பாக்தாத் யூதர்கள் பேரீச்சம்பழப் பாகில் அக்ரூட்டைத் தூவுவார்கள். சேற்றின் அடையாளம்தான், ஆனால் பிள்ளைகள் முதலில் வழித்து நக்குவது அதைத்தான்.

எல்லோரும் இடப்பக்கம் தலையணையில் சாய்ந்துகொள்கிறார்கள். சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது சுதந்திர மனிதனின் உரிமை. நான்கு கோப்பை ஒயின் உண்டு, பிள்ளைகளுக்குத் திராட்சை ரசம். ஊரிலேயே பரம ஏழையும் சாய்ந்துதான் சாப்பிட வேண்டும், தர்மப் பணத்தில் வாங்கியாவது அவருக்கு நான்கு கோப்பை கிடைக்க வேண்டும் என்பது பழைய சட்டம். இதற்காகவே பண்டிகைக்கு முன் ஊர்தோறும் ஏழைகளின் மாவுக்கு நிதி திரட்டுகிறார்கள்.

மாட்ஸாவைத் தூக்கிக் காட்டி முதலில் சொல்வது ஓர் அழைப்பு. பசித்தவர் யாராக இருந்தாலும் வந்து சாப்பிடட்டும் என்பது அதன் பொருள். அது எபிரேயத்தில் இல்லை, அன்றைக்குத் தெருவில் பேசிய அரமாயிக் மொழியில் இருக்கிறது. பசித்தவருக்குப் புரியாத மொழியில் அழைத்தால் அது என்ன அழைப்பு?

அதற்குப் பிறகும் சாப்பாடு வராது. வீட்டின் கடைசிக் குழந்தை வாயைத் திறக்க வேண்டும். மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபட்டிருக்கிறது என்று அது கேட்க வேண்டும். ஏன் இன்று மாட்ஸா மட்டும், ஏன் கசப்பு, ஏன் இரண்டு முறை தோய்க்கிறோம், ஏன் சாய்ந்துகொள்கிறோம்? நாலு வயதுப் பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று, பல வாரம் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும். பாட்டி உதட்டசைத்து எடுத்துக் கொடுப்பார். குழந்தையே இல்லாத வீட்டில் மனைவி கேட்பார். தனியாக இருப்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி இல்லாமல் கதை இல்லை.

நம் வீடுகளில் பிள்ளை "ஏன்?" என்றால் என்ன சொல்கிறோம்? "சாமி கண்ணைக் குத்தும், பேசாம இரு" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லக் கூடாது என்று இருக்கிறேன்.

ஹகாதா நான்கு விதப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. புத்திசாலிப் பிள்ளை, எதிர்த்துப் பேசும் பிள்ளை, வெள்ளந்திப் பிள்ளை, நாலாவதாகக் கேட்கவே தெரியாத பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு? நீயே பேச்சைத் தொடங்கு என்கிறது. அது வாய் திறக்கும் என்று காத்திருக்காதே, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து நீ ஆரம்பி.

பாதி ராத்திரி வரை பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைக்க ஒரு தந்திரமும் உண்டு. நடு மாட்ஸாவை உடைத்துப் பெரிய பாதியை ஒளித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிள்ளைக்குப் பரிசு. அந்தத் துண்டைச் சாப்பிட்டால்தான் விருந்து முடியும். ஆகவே பேரம் பேசும் அதிகாரம் அன்று பிள்ளையின் கையில்! கடைசியில் எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கோப்பையை நிரப்பி, எழுந்துபோய் வாசல் கதவைத் திறக்கிறார்கள். அந்த வேலையும் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான்.

எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ஒயினை விரலால் தொட்டுத் தட்டில் விடுகிறார்கள். எதிரியானாலும் மனிதர்கள் செத்தார்கள், அதனால் நம் கோப்பை நிறைந்திருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் காஸாவை நினைக்காமல் என்னால் தாண்ட முடியவில்லை. 2024 ஏப்ரலில், ஹமாஸ் பிடித்துச் சென்ற பணயக்கைதிகளுக்காக எத்தனையோ வீடுகள் செடர் மேஜையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டன. பசித்தவர் வந்து சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டுக் காஸாவின் பசியை எப்படிப் பேசாமல் இருப்பது என்று கேட்ட யூதர்களும் உண்டு. இது புதிதும் இல்லை. 1969இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு ஆன அன்று, வாஷிங்டனில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்து 'விடுதலை செடர்' நடத்தினார்கள். ஓர் அரசு செய்வதையும் ஒரு பாட்டி தன் அடுப்படியில் காப்பாற்றித் தந்ததையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனால் கேள்வி கேட்கச் சொல்லித் தருகிற மேஜையில் எந்தக் கேள்விக்கும் இடம் இருக்க வேண்டும்.

1944இல் பெர்கன் பெல்சன் நாஜி முகாமில் பஸ்கா வந்தபோது அங்கே இருந்தவர்களுக்கு மாட்ஸா கிடைக்கவில்லை. புளித்த ரொட்டியை மறுத்தால் அந்த உடம்புகள் தாங்காது. கைதிகளாக இருந்த ரப்பிகள் "சாப்பிடுங்கள்" என்றார்கள். சாப்பிடுவதற்கு முன் சொல்ல ஒரு பிரார்த்தனையும் எழுதிக் கொடுத்தார்கள். உயிரைக் காப்பதும் உன் கட்டளைதான், அதனால்தான் இதை உண்கிறோம் என்பது அதன் சாரம். துகள் துகளாக ரொட்டியைத் தேடி எரிக்கிற அதே மதத்தின் சட்டம்தான் இதுவும்.

பண்டிகை முடிகிற மாலையில் மொராக்கோ யூதர்களுக்கு இன்னொரு கொண்டாட்டம் உண்டு, மிமூனா. ஒரு வாரமாக வீட்டில் ஒரு பிடி மாவு கிடையாது. மொராக்கோவில் வாழ்ந்த காலத்தில் முஸ்லிம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாவு, பால், வெண்ணெய், தேன் என்று தட்டு நிறையக் கொண்டுவருவார்கள். அந்த மாவில் மெல்லிய அடை சுட்டு, வெண்ணெயும் தேனும் தடவி, வந்தவர்களுக்கே முதலில் கொடுப்பார்கள். அன்று யார் வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது.

பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து நாள் எண்ணத் தொடங்குவார்கள். ஒவ்வோர் இரவும் நின்றுகொண்டு, இன்று இத்தனையாவது நாள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓமர் எண்ணுதல் என்று பெயர். ஓமர் என்பது ஓர் அளவை. புதிதாக அறுத்த பார்லியில் ஓர் ஓமர் அளந்து ஒரு காலத்தில் கோயிலுக்குக் கொடுத்தார்கள். இந்த நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதில்லை. பழங்காலத்து அறிஞர் ரப்பி அகிவாவின் 24,000 சீடர்கள் இந்தச் சமயத்தில் மாண்டார்கள் என்று சொல்லித் துக்கம் காக்கிறார்கள். முப்பத்து மூன்றாம் நாள் மட்டும் சொக்கப்பனை போலத் தீ மூட்டிக் கொண்டாட்டம்.

நாற்பத்தொன்பது நாள் எண்ணி முடித்தால் ஐம்பதாம் நாள் ஷவுவோத். வாரங்களின் பண்டிகை. கிறிஸ்தவ வாசகர்கள் பெந்தெகொஸ்தே என்று அறிந்திருப்பது இதைத்தான். சீனாய் மலையில் வேதம் கிடைத்த நாள் என்று இரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கிறார்கள். வீட்டில் பசுந்தழை கட்டுகிறார்கள். பால், பாலாடைக்கட்டிப் பலகாரங்கள் செய்கிறார்கள்.

அன்று ஜெப ஆலயத்தில் படிக்கிற கதை ஒரு மாமியார், மருமகள் கதை. ரூத் புத்தகம்.

பெத்லகேமிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன இடத்தில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவள் நகோமி. ஊர் திரும்புகிறாள். விதவையான மருமகள் ரூத், வேற்று இனத்துப் பெண், விடாமல் கூட வருகிறாள். வந்து சேர்ந்தது பார்லி அறுப்புக் காலம். நிலத்தின் ஓரத்தைக் கடைசிவரை அறுக்காதே, உதிர்ந்த கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அயலானுக்கும் என்று வேதத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. லேவியராகமத்தில் இந்தப் பண்டிகைகளைப் பட்டியல் போடுகிற அதிகாரத்தில், வாரங்களின் பண்டிகைக்கு அடுத்த வரியாகவே அது வருகிறது. அந்தக் கட்டளையை நம்பித்தான் முன்பின் தெரியாத ஒருவரின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள் ரூத்.

மத்தியானம் வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸ் அவளையும் சாப்பிடக் கூப்பிடுகிறார். வறுத்த தானியம் கொடுக்கிறார். அவள் வயிறாரச் சாப்பிடுகிறாள், கொஞ்சம் மிச்சம் வைக்கிறாள். மறுபடி பொழுது சாயும்வரை பொறுக்கி, பொறுக்கியதைத் தட்டி எடுத்தால் ஓர் எப்பா பார்லி. பத்து ஓமர். அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் இறக்கி வைக்கிறாள். பிறகு, மத்தியானம் தனக்குக் கொடுத்ததில் எடுத்து வைத்திருந்த அந்த வறுத்த தானியத்தையும் எடுத்து நகோமியின் கையில் கொடுக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்